வெள்ளச்சி

அப்பாவின் காலை மடியில் வைத்து, விரலிடுக்குகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் பெரியவள். அவர் உயிர் போய்விட்டதென்று மாவு மில்லுக்கு ஆள் வந்ததும், தோளிலிருந்த மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவள். தலை, புருவம், இமை எல்லாம் மாவு.

சின்னவள் நிலைப்படியைத் தாண்டவில்லை. அட்டை கிழிந்த பேய்க்கதைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள வாயேண்டி. அப்பாதானே, கடிச்சா வைக்கப்போறாரு?”

“வரேங்க்கா.”

வரவில்லை. இரண்டு பிள்ளை பெற்றும் பயம். அந்தப் பயத்துக்குக் கிடைத்த கூலியைப் பெரியவள் பார்த்திருக்கிறாள். தங்கை சிறுமியாக இருந்த நாட்களில், மில் முடிந்து இவள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம், அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னவள் நடுங்குவாள். படித்துக்காட்டிய புத்தகத்தை மடியில் மூடி வைத்துவிட்டு, அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருப்பார். ‘எனக்கும் படிங்கப்பா’ என்று ஒருநாள் பெரியவள் கேட்டாள். ‘மூட்டை தூக்குறவளுக்கு என்னடி பயம்? போய்ச் சோத்தைப் போட்டுத் தின்னு’ என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

“இதை அப்பாகூடவே பெட்டியில வெச்சிடலாம்க்கா.”

“நீ கேட்டு முடிச்சிட்ட, இனிமே மண்ணுல பொதைக்கணுமா? கொடு இங்க, எனக்கு வேணும்.” பிடுங்கினாள். “தூக்கத்துல வெள்ளச்சி வெள்ளச்சின்னு அலறுவியே, அவ எந்தப் பக்கத்துல வர்றா?”

சின்னவள் அக்காவின் இமைகளைப் பார்த்தாள்.

“சொல்லேண்டி.”

“புஸ்தகத்துல இல்லக்கா. தெருவுல உன் செருப்புச் சத்தம் கேக்கும்ல, அப்ப அப்பா புஸ்தகத்தை மூடிட்டுச் சொல்வாரு. ‘வெள்ளச்சி வர்றா பாரு. இமையெல்லாம் வெள்ளை. பிள்ளைங்களை மூட்டையில கட்டித் தூக்கிட்டுப் போயிருவா’ன்னு. கதவு திறக்கும். நீ நிப்ப.”

வெளியே பெட்டியை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

“எனக்கு அப்பாவைப் பார்த்துப் பயமில்லக்கா,” என்றாள் சின்னவள். “நீ மூஞ்சியைக் கழுவிட்டு வாயேன்.”

பெரியவள் புத்தகத்தைப் புரட்டினாள். பாழும் பங்களா, கிணறு, தலையில்லாத குதிரைக்காரன். திருப்பி நீட்டினாள்.

“இதுல நான் இல்லையே. வெச்சிடு.”

துணியை மறுபடி நனைத்துப் பிழிந்து, குனிந்து அப்பாவின் கழுத்தைத் துடைத்தாள். காது, நெற்றி. அவள் இமையிலிருந்து கொஞ்சம் மாவு அவர் கன்னத்தில் உதிர்ந்தது.

அதை மட்டும் அவள் துடைக்கவில்லை.