மாமியாரும் மருமகளும் டெல்லிக்குப் போனது

டெல்லிக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் சங்கரலிங்கத்துக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், அவசரத்தில் வத்தல் மூட்டையைத் தானே தூக்கப் போய், நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். கட்டிலில் கொண்டுவந்து கிடத்தியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பொம்பளைகள் இரண்டு பேரும் தனியாக அவ்வளவு தூரம் எப்படிப் போவீர்கள் என்பதுதான்.

அவர் மனைவி ஆறுமுகத்தாய் மக்ரூன் டின்னுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எம்புள்ள உசுரோட கரைக்கு வந்திருக்கான். நான் கண்ணால பாக்கணும். நீங்க தைலத்தைத் தேச்சுக்கிட்டுக் கெடங்க."

மருமகள் முத்துக்கனிக்கு உள்ளுக்குள் திக்கென்றது. போகவேண்டும் என்ற ஆசை அவளுக்கும் மலையளவு இருந்தது. ஆனால் மாமனார் இல்லாமல் மாமியாரோடு தனியாகவா?

அவள் ஆறுமுகநேரிக்காரி. போன ஆனியில்தான் கல்யாணம். கடற்படையில் இருந்த வீரபாகு லீவு முடிந்ததும் கப்பலுக்குப் போய்விட்டான். அந்த எழுபத்தொன்றாம் வருஷம் மார்கழி பிறக்கும் முன்பே சண்டை மூண்டது. நம்முடைய கப்பல் ஒன்று மூழ்கிவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று முத்துக்கனி அடுப்படியில் உட்கார்ந்து விம்மினாள். அது அவன் இருந்த கப்பல் இல்லைதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "வெளக்கு வச்ச வீட்டுல அழாத ளா" என்று அதட்டிவிட்டு மாமியார் பாட்டுக்கு மாவு ஆட்டப் போய்விட்டாள். இந்தப் பொம்பளைக்கு நெஞ்சில் இருப்பது கல்தான் என்று அன்றைக்கு முத்துக்கனி முடிவு கட்டியிருந்தாள்.

சண்டை ஜெயித்து முடிந்தபின் வந்த முதல் குடியரசு தினம் அது. ஊர்வலத்தில் நடக்கும் மாலுமிகளில் வீரபாகுவையும் சேர்த்திருந்தார்கள். ஒத்திகை முடியாமல் வெளியே விடமாட்டார்களாம். ஊர்வலம் முடிந்த பிறகு மட்டும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்.

மெட்ராசில் இறங்கி டெல்லி ரயில் ஏறினார்கள். நாக்பூர் தாண்டியதும் குளிர் பிடித்தது. தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்குக் குளிர் என்றால் மழை பெய்த மறுநாள் காலை, அவ்வளவுதான். இது வேறு ஜாதிக் குளிர். எலும்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்றது. இருவருக்குமாக இருந்தது ஒரே கம்பளி. பாதி பாதியாகப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். விடியற்காலையில் முத்துக்கனி கண் விழித்தபோது முழுக் கம்பளியும் அவள் மேல் இருந்தது. எதிரில் மாமியார் தலையில் குற்றாலத் துண்டைக் கட்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி உட்கார்ந்திருந்தாள். முத்துக்கனி பதறிப்போய்க் கம்பளியை நீட்டினாள்.

"எனக்கு வேர்க்குது, நீயே வச்சுக்க" என்றாள் ஆறுமுகத்தாய். பல் கிட்டிக்கொண்டதால் அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

முத்துக்கனி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்துபோய் மாமியாரை ஒட்டி உட்கார்ந்து, இருவரையும் சேர்த்துக் கம்பளியால் சுற்றினாள்.  மாமியார் விலகவில்லை.

டெல்லி ஸ்டேஷனுக்குக் கிளாடிஸ் வந்திருந்தாள். அவர்கள் தெருவிலேயே வளர்ந்தவள், அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கையோடு இரண்டு ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தாள். சேலைக்கு மேல் சட்டை போட்டால் ஊர் சிரிக்காதா என்று ஆறுமுகத்தாய் முதலில் மறுத்தாள். ஒருதரம் மாட்டிக்கொண்ட பிறகு, குளிக்கும்போது தவிர அதைக் கழற்றவே இல்லை.

ஊர்வலத்தன்று இருட்டோடு இருட்டாகக் கிளாடிஸ் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாலையோரம் இடம் பிடித்தாள். பனி விலகியபோது தெரிந்த அவ்வளவு ஜனத்தை ஒரே இடத்தில் இருவரும் அதுவரை கண்டதில்லை. திருச்செந்தூரில் சூரசம்ஹாரத்துக்குக் கூடுவதெல்லாம் இதில் ஒரு மூலைக்குக் காணாது. பீரங்கி போயிற்று, டாங்கி போயிற்று, பட்டாளம் பட்டாளமாகப் போயிற்று. ஜனங்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

கடற்படை வந்ததும் முத்துக்கனிக்குக் கண் இருண்டது. எல்லோருக்கும் ஒரே உடை, ஒரே தொப்பி, ஒரே கைவீச்சு. புருஷனைத் தெரியவில்லையே என்று தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஓரத்தில் ஒரு முகம் கண்ணில் பட்டது. அவன்தான். அதே தாடை.

"அத்தை, அந்தா போறாவ! இந்தக் கடைசி ஆளு!"

"அது இல்ல ளா. நடுவுல பாரு, அவனுக்கு அவுக அப்பா நடை" என்று சொல்லிய ஆறுமுகத்தாய் வேறு ஒருவனைப் பார்த்துக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். இருவரும் ஆளுக்கொரு வீரபாகுவைக் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது பெரிய வளைவுக்குப் பக்கமாக நடந்தார்கள். வளைவின் கீழே புதிதாகக் கட்டிய கறுப்புக் கல் மேடை. அதன்மேல் தலைகீழாகக் குத்தி வைத்த துப்பாக்கி, அதன் தலையில் ஓர் இரும்புத் தொப்பி. பக்கத்தில் தீ எரிந்துகொண்டிருந்தது. இது என்ன சாமி என்று ஆறுமுகத்தாய் கேட்டாள். சண்டைக்குப் போய்த் திரும்பி வராத பிள்ளைகளுக்காக ஏற்றியது, இனி அணையவே விடமாட்டார்களாம் என்று கிளாடிஸ் சொன்னாள்.

ஆறுமுகத்தாய் கொஞ்ச நேரம் அந்தத் தொப்பியையே பார்த்தாள். பிறகு அங்கேயே புல்தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சண்டை தொடங்கிய நாளிலிருந்து அடக்கி வைத்தது அது என்று முத்துக்கனிக்குப் புரிந்தது. வீட்டில் தானும் அழுதால் இந்தச் சின்னப் பெண்ணை யார் தாங்குவது என்றுதான் அன்றைக்கு மாவு ஆட்டப் போயிருக்கிறாள். முத்துக்கனி பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழாதீர்கள் என்று சொல்லவில்லை.

மத்தியானம் கிளாடிஸின் அறைக்கு வீரபாகு வந்தான். கன்னம் ஒட்டி, கறுத்திருந்தான். அம்மா அவன் தலை, தோள், கை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முத்துக்கனி கதவோரம் நின்று பார்வையாலேயே விசாரித்தாள். அப்புறம் பஞ்சாயத்து அவனிடம் வந்தது. ஓரமா, நடுவா?

எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேட்டுவிட்டு அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவன் நடந்தது எதிர்ப்புற ஓரத்தில். அவர்கள் நின்ற இடத்திலிருந்து அவனுடைய தொப்பி நுனிகூடத் தெரிந்திருக்காது.

முத்துக்கனிக்கு முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து, யாரையோ பார்த்தா உருகினோம்?

ஆறுமுகத்தாய் மட்டும் அசரவில்லை.

"அதனால என்ன? அந்த ரெண்டு பேருக்கும் ஊருல ஆத்தாக்காரி இருப்பா. அவளுவளால வர முடிஞ்சுதோ என்னமோ. அவளுவளுக்காவ நாம பாத்ததா இருக்கட்டும்."

பிறகு அவள் டின்னைத் திறந்து மகன் கையில் மக்ரூனைக் கொட்டினாள். அவன் தின்று முடிப்பதற்குள் தனக்குத் தலை இடிக்கிறது என்றாள். கிளாடிஸ் மாத்திரை எடுத்தாள். மாத்திரை வேண்டாம், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும், நீயும் என்கூட இரு என்று ஆறுமுகத்தாய் அவளைக் கைப்பிடித்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஏலே, நீ இவளக் கூட்டிக்கிட்டுப் போயி ஊரச் சுத்திக் காட்டு. சாயங்காலம் வந்தாப் போதும். வெரசா வந்துறாத."

வீரபாகு அம்மாவைப் பார்த்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே வெயில் வந்திருந்தது, சூடுதான் இல்லை. தெரு முனை திரும்பியதும் முத்துக்கனி கைகளைத் தேய்த்துக்கொண்டாள். வீரபாகு ஒரு கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். நடுத்தெருவில் இதென்ன என்று அவள் கையை இழுக்கப் பார்த்தாள். இங்கே நம்மை யாருக்குத் தெரியும் என்றான் அவன். எங்கே போகிறோம் என்று கேட்கவே இல்லை அவள்.