ஒரே இறக்கம்

பட்டறைக்கு முழு விடுப்பு என்பது ஆண்டுக்கு ஒருமுறை, கோடையில்தான். உலைகளை அணைத்து, பெரிய கதவுக்குச் சங்கிலி போட்டுவிடுவார்கள். அந்த விடுப்பில் கடல் தாண்டி இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதென்று வெல்டரின் மனைவி முடிவு செய்து வெகு நாளாயிற்று. பணம் சேர்ந்துவிட்டது, பாஸ்போர்ட் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது விமானம் மட்டும்.

சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு அவள் மேசையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். வெல்டர் உட்காரவில்லை. அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

"இது ரெண்டு எடத்துல நிக்குது. இது ஒரு எடத்துல. இதுவும் ஒண்ணுதான், ஆனா அங்க ராத்திரி பூரா பெஞ்சுல உக்காரணுமாம்." விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். "ஏங்க, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தாம இங்க வந்து பாருங்களேன்."

"ஒரு எடத்துல நின்னாத்தான் என்ன இப்ப? கால நீட்டிக்கலாம்."

"கால நீங்க நீட்டுவீங்க. காத நான் எங்க நீட்டறது?"

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் நிற்கிறவள். இடது காதின் சவ்வு எப்போதோ கிழிந்து, அரைகுறையாக ஒட்டியிருந்தது. விமானம் மேலே ஏறும்போது அந்தக் காது ஒன்றும் செய்யாது. இறங்கும்போதுதான் வேலையைக் காட்டும். அம்மா செத்த செய்தி கேட்டு ஒருமுறை விமானத்தில் போனாள். சக்கரம் தரையைத் தொடுவதற்குள் காதிலிருந்து ரத்தம் வடிந்து தோள் நனைந்துவிட்டது. பிணத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்காக அழுததைவிடக் காதைப் பிடித்துக்கொண்டு அழுததுதான் அதிகம். அது இன்றைக்கும் அவளுக்கு உறுத்தல். காது டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: போகாமல் இருந்தால் நல்லது. போயே தீரவேண்டுமென்றால் போக ஒரு இறக்கம், வர ஒரு இறக்கம். அதற்கு மேல் என்றால் அந்தக் காதை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே அவளுக்கு நடுவில் எங்கும் நிற்காத விமானம் வேண்டும். அவனுக்கோ, நின்றே ஆகவேண்டும். அவனுடைய காரணத்தை அவன் வீட்டில் சொன்னதில்லை.

அவன் கொதிகலன்களுக்கும் எண்ணெய்த் தொட்டிகளுக்கும் உள்ளே புகுந்து பற்றவைக்கிறவன். போன குளிர்காலத்தில் ஒரு தொட்டிக்குள் குந்தியிருந்தபோது, வெளியே கிரேன் இறக்கிய இரும்புத் தகடு சரிந்து, ஆள் நுழையும் துளையை அடைத்துக்கொண்டது. வயர் அறுந்து விளக்கும் காற்றாடியும் நின்றன. தகட்டைத் தூக்கவேண்டிய கிரேன்காரன் சாப்பிடப் போயிருந்தான். இவன் இருட்டில் சுவரைக் குத்தினான், கத்தினான், பிறகு கத்தவும் காற்று இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். வெளியே இழுத்துப் போட்டபோது பேண்ட் நனைந்திருந்தது. அதன் பிறகு மேஸ்திரியிடம் கெஞ்சி, திறந்த முற்றத்தில் கேட்டும் கம்பியும் பற்றவைக்கும் வேலைக்கு மாறிக்கொண்டான். வீட்டில், "உள்ள போற வேலையெல்லாம் இனி சின்னப் பசங்களுக்கு. எனக்கு வெளிய குடுத்துட்டாங்க," என்று பெருமையாகச் சொல்லி வைத்தான்.

லிஃப்டில் ஏறமாட்டான். பஸ்ஸில் கதவோரம்தான். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடுவதில்லை. "வெக்கங்கெட்ட மனுசன்" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவள் அறிந்தது அவ்வளவுதான். விமானம் என்றால் பகல் முழுக்க, அதற்கு மேலும், ஒரு குழாய்க்குள் பெல்ட் போட்டு உட்காரவேண்டும். நெஞ்சு அடைத்தால் கதவைத் திற என்று யாரிடமும் சொல்ல முடியாது. நினைக்கும்போதே அவனுக்குக் கழுத்து வேர்த்தது.

"போன்ல காசு கட்ட எனக்கு பயம்," என்றாள் அவள். "நாளைக்கு டிக்கெட் கடைக்குப் போயிட்டு வந்துருங்க. ஒரே எறக்கம். மறந்துடாதீங்க."

டிக்கெட் கடை, போட்டோக் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு பெண், சுவரெல்லாம் கடற்கரைப் படங்கள். வெல்டர் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, வாசலிலேயே உட்கார்ந்தான்.

"சார், ஏசி போகுது. கதவ சாத்துங்க."

"பரவாயில்லம்மா."

"உங்களுக்குப் பரவாயில்ல. கரண்ட் பில் எங்க மொதலாளிக்கு." ஆனாலும் அவள் எழவில்லை. விசைப்பலகையைத் தட்டினாள். "நிக்காமப் போறது ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு டைரக்ட்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கறாங்க. அப்புறம் வந்து என்னத் திட்டறாங்க. நிக்காமப் போறதுன்னா இங்க ஏறினா அங்கதான் எறங்கும். டைரக்ட்னா ஒரே விமானம், ஒரே நம்பர், ஒரே டிக்கெட். ஆனா நடுவுல ஒரு ஊர்ல எறங்கும். எண்ணெய் போடுவாங்க, சில பேர் எறங்குவாங்க, சில பேர் ஏறுவாங்க. நீங்க சீட்லயே இருக்கலாம். வேணும்னா வெளிய நடந்துட்டும் வரலாம்."

"கதவத் தெறப்பாங்களா?"

"தெறக்காம எப்படி சார் எறங்குவாங்க?"

வெல்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "டிக்கெட்ல டைரக்ட்னுதான் போட்டிருக்குமா?"

"அப்படித்தான் போட்டிருக்கும்."

"அப்பப் பொய் இல்ல."

"எது சார்?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு சீட்டு போடு."

பெயர்களை எழுதிக்கொண்டு, நாளை கடை சாத்துவதற்குள் பணம் கட்டினால் போதும் என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, "டைரக்ட் கெடச்சிருச்சு," என்றான்.

அவள் முகம் மலர்ந்ததை அவன் பார்க்காமல் குனிந்துகொண்டான். அவள் உடனே அக்காவைக் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். நல்ல காதும் இப்போது கொஞ்சம் மந்தம்.

"அக்கா, டைரக்ட்டாம். நேரா வந்து உன் ஊர்லதான் எறங்கறோம்."

"நெசமாவா? மாப்பிள்ளைக்குத்தான் எவ்வளவு அக்கற பாரு. எங்க வீட்டு மனுசன்கிட்ட டைரக்ட்டா போற பஸ்ஸு கேட்டாக்கூட ஊரச் சுத்தித்தான் கூட்டிட்டுப் போவாரு."

"எறங்கறப்ப மட்டும்தான் பயம். இவரு கையக் கெட்டியாப் புடிச்சுக்கறேன். ஒரு தடவதானே, தாங்கிக்குவேன்."

வெல்டர் தண்ணீர் குடிக்க எழுந்தான். குடித்தான். மறுபடி போய்க் குடித்தான். படுத்த பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் அவள் இடது காதை மேலே வைத்துத் தூங்கினாள். அந்தக் காதுக்குச் சரியாகக் கேட்காது என்பதால் அந்தப் பக்கம் திறந்து வைத்துத்தான் எப்போதும் தூங்குவாள்.

காலையில் பட்டறையில், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இளைஞனைத் தேடிப் போனான். நெட்டைக்கு வேலை, தொட்டிக்குள் ஆள் இருக்கும்போது துளைக்கு வெளியே நிற்பது. சும்மா நிற்கக்கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும், உள்ளே இருப்பவன் பதில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். வெளியே ஆள் இல்லாமல் எவனும் உள்ளே தலையை விடமாட்டான். தகடு சரிந்த அன்றும் வெளியே நின்றவன் அவன்தான்; ஒற்றை ஆளாக அதை நகர்த்த முடியவில்லை.

"ஒரு தடவ உள்ள போய்ப் பாக்கறேன்டா. நீ நில்லு."

"இப்ப என்னண்ணே திடீர்னு? மேஸ்திரி பாத்தா என் தோல உரிச்சிருவாரு."

"விமானத்துல போவணும். உக்கார முடியுதான்னு பாக்கறேன்."

நெட்டை அவனை மேலும் கீழும் பார்த்தான். "அதுக்கு எண்ணெ டாங்கிக்குள்ள போவீங்களா? அதுல சாப்பாடும் தரமாட்டாங்க, சினிமாவும் போடமாட்டாங்க."

வெல்டர் சிரிக்கவில்லை. துளைக்குள் காலை விட்டு இறங்கினான். துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினான்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"எந்த நாட்டு மேல பறக்கறீங்க?"

"வாய மூடிட்டுக் கூப்புடுடா."

"வாய மூடினா எப்படிண்ணே கூப்புடறது?"

அதற்கு மேல் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. சுவர் அருகே வந்தது. கைகள் தாமாக ஏணியைத் தேடின. தோள்பட்டை துளையின் விளிம்பில் கிழிபட, அவன் வெளியே விழுந்தான். நெட்டை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தான்.

"வேணாம்ணே. விமானத்துல யாரு வெளிய நிப்பா? நானா ரெக்கையில நின்னு கூப்புட முடியும்?" என்றான். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அண்ணிகிட்டச் சொல்லுங்க. இதுல என்ன இருக்கு," என்றான்.

"உனக்கென்ன, ஈஸியாச் சொல்லிட்ட."

வெல்டர் மதியத்துக்கு மேல் ஒரு கேட்டுக்குத் தப்பான இடத்தில் கீல் பற்றவைத்தான். அறுத்தெடுத்து மறுபடி வைத்தான். அதுவும் கோணல். கடை சாத்துவதற்குள் பணம் கட்டவேண்டும். மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவன், கடைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போனான்.

அவள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். காதுச் சொட்டு மருந்தும் மாத்திரையும் புதிதாக வாங்கி ஜன்னல் திட்டில் வைத்திருந்தாள். நல்ல காது இருக்கும் பக்கமாகப் போய் நின்றான்.

"அது டைரக்ட்டு. நிக்காமப் போறது இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணு இல்ல. நடுவுல ஒரு ஊர்ல எறங்கும்."

குழாயை மூடினாள். "தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

அவள் கையை உதறவுமில்லை, துடைக்கவுமில்லை. நுரை முழங்கை வரை வழிந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான்: தகடு, இருட்டு, கிரேன்காரன், நனைந்த பேண்ட். நெட்டைதான் தன் பேண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றான் என்பதையும்.

"கம்பெனில புதுசாக் குடுத்தாங்கன்னு சொன்னீங்களே, அதுவா? ஒரு முழம் நீளமா இருக்குன்னு நான் உக்காந்து மடிச்சுத் தச்சேனே."

"அதான்."

அவள் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பு வருகிறதோ என்று அவன் நிமிர்ந்தான். சிரிப்பு இல்லை.

"உங்க பயத்துக்கு நான் ஒண்ணும் சொல்லல. தொட்டிக்குள்ள மாட்டினா எவனுக்கும் வரும். ஒரு பொய்யச் சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறும். உண்மையச் சொல்லி ஏமாத்தப் பாத்திருக்கீங்க. அங்க நடுவழியில எறங்கறப்ப என் காதுல ரத்தம் வந்தா என்ன பண்ணியிருப்பீங்க? டிக்கெட்ட எடுத்துக் காட்டியிருப்பீங்களா?"

"அதான் காசு கட்டாம வந்துட்டேன்."

"பெரிய தருமம்."

அவள் மிச்சப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்தாள். அவன் நகராமல் நின்றான். "நீ மட்டும் போயிட்டு வா. நான் இங்கயே இருந்துக்கறேன்," என்றான்.

"இருந்து? விடுப்பு பூரா இதே எடத்துல நடந்து தரையத் தேய்க்கவா? அக்கா கேட்டா என்ன சொல்ல?" கையைத் துடைத்தாள். "நான் நிக்காமப் போறேன். நீங்க நின்னு நின்னு வாங்க."

"ரெண்டு விமானத்துலயா? கேட்டவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கறவங்களா டிக்கெட் எடுத்துத் தர்றாங்க?"

"நீ தனியா இவ்வளவு தூரம் போனதில்லையே. எறங்கறப்ப..."

"எறங்கறப்ப சீட்டுக் கைப்பிடியப் புடிச்சுக்கறேன். அது ஏமாத்தாது." சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டது போலத் துணியை மடித்தாள். "போங்க. கடைய சாத்திருவாங்க."

டிக்கெட் கடைப் பெண் இரண்டு பெயரையும் இரண்டு விமானங்களில் போட்டுக்கொண்டே, "சண்டையா சார்?" என்றாள்.

"இல்லம்மா. சமாதானம்."

"எனக்கெதுக்கு. கதவ சாத்துங்க."

விமானம் ஏறும் நாளன்று அவளுடையது காலையில் கிளம்பியது, அவனுடையது மதியம். சேர்ந்தே உள்ளே போனார்கள். அவளுடைய விமானத்தின் வாசல்வரை போய், மாத்திரையை எப்போது போடவேண்டும், எச்சிலை எப்படி விழுங்கிக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டர் அவளுக்குச் சொன்னதையே அவன் அவளுக்குச் சொன்னான். "தெரியும்" என்றாள். கோபம் முழுதாகப் போயிருக்கவில்லை. வரிசையில் நகர்ந்தபோது அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள். அவளுக்கு அடுத்த இருக்கையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவன் மதியம்வரை யோசித்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய விமானத்தில் முதல் பாதி, சொன்னால் அசிங்கம். நடைவழியில் நடந்தான், கழிவறைக்கு முன்னால் நின்றான், பணிப்பெண் கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்தான், வேர்வையில் சட்டை முதுகில் ஒட்டியது. நடு ஊரில் சக்கரம் தரையைத் தொட்டு, கதவு திறந்ததும் முதல் ஆளாக வெளியே போனான்.

பெரிய கண்ணாடிக் கூடம். உயரமான கூரை. காற்று வேண்டிய மட்டும் இருந்தது. நெஞ்சு நிறைய இழுத்தான். அது போய் எங்கோ பாதியில் நின்றுகொண்டது. இப்போதுதான் அவளுடைய விமானம் அங்கே இறங்க ஆரம்பித்திருக்கும். விமானங்களின் பலகையில் அதைத் தேடினான். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. தரை துடைக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்தவரை மறித்து, சட்டைப் பையில் எழுதி வைத்திருந்த அவளது விமான எண்ணைக் காட்டினான். அவர் பலகையைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். இங்கே நிற்காத விமானம் இங்கே எப்படித் தெரியும்?

உட்கார்ந்தான். எழுந்தான். கைபேசியை எடுத்தான்; அவளுடையது அணைந்திருந்தது. அவள் எச்சில் விழுங்குகிறாளா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு மறந்துவிட்டாளா. அடுத்த இருக்கைக்காரர் தூங்குகிறவராக இருந்தால் என்ன செய்வாள். வெல்டர் தன் விமானத்தின் வாசலுக்குப் போனான். இன்னும் அழைப்பு வரவில்லை என்றார்கள். ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி போனான். அழைத்தபோது வரிசையின் முதல் ஆளாக நின்றான்.

இருக்கையில் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு, வழியில் போன பணிப்பெண்ணை நிறுத்தினான். மொழி தெரியாது. திறந்திருந்த கதவைக் காட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மூடிக் காட்டினான். எப்போது சாத்துவீர்கள்?

அவள் புன்னகைத்து ஒரு விரலை உயர்த்தினாள். இன்னும் ஒரு ஆள் வரவேண்டும்.

முகம் தெரியாத அந்த ஒரு ஆளை வாய்க்குள் திட்டிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, அவன் வாசலையே பார்த்தபடி இருந்தான்.