நன்றாகப் பேசினார்

ஒரு திட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று மதிப்பிட ஒரு குழு வரும். மதிப்பிடும் அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க, அதற்கு முன்பே அவள் போவாள். ருசி பார்க்கும் முன் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கிற வேலை.

தனியாக வாழும் முதியவர்களைத் தினமும் போய்ப் பார்த்துவரும் திட்டம் இது. நாற்பது வீடுகள். பதினேழாவது வீட்டில் இருப்பவர் அவளுடைய பெரியப்பா. சேர்த்துவிட்டதே அவள்தான், அலுவலகத்தில் அதைச் சொல்லவில்லை. ஆள்தான் தினமும் போகிறதே என்று இரண்டு மாதமாக அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவுமில்லை.

திட்ட அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். இன்று செவ்வாய்தான், வெள்ளி வரைக்கும் நிரப்பியிருந்தார்கள். அவள் வருவதால் கட்டம் காலியாக இருக்க வேண்டாமே என்று முன்கூட்டியே எழுதிவிட்டாராம். வெட்கமே இல்லாமல் சொன்னார்.

அவள் பதினேழாம் பக்கத்தைப் புரட்டினாள். பழைய கட்டங்களில் எல்லாம் ‘மணியடித்தார். நலம்.’ தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து பெரியப்பாவுக்குக் குரல் கிடையாது. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பித்தளை மணியை ஆட்டுவார். நேரில் போனவர்களுக்குத்தான் அது தெரியும். பன்னிரண்டு நாளைக்கு முன் கையெழுத்து மாறியிருந்தது. அன்றிலிருந்து எல்லாக் கட்டத்திலும் ஒன்றேதான்: ‘நன்றாகப் பேசினார். நலம்.’

அவள் அந்த வரியில் விரலை வைத்தாள். இந்தப் பன்னிரண்டு நாளும் இதை எழுதியது யார் என்று கேட்டாள்.

“போயிட்டு வந்த பொண்ணு வேலைய விட்டுடுச்சும்மா. வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நான்தான் எழுதுறேன்.”

“எழுதுறீங்க சரி. போனீங்களா?”

அவர் பதிவேட்டை மூடப் பார்த்தார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பவள் அவள். அதே சுரைக்காயை நம்பித்தான் இரண்டு மாதம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அவள் ஓடாத குறையாக நடந்தாள். அவர் பதிவேட்டை இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். திட்டம் தயாராக இல்லை என்று எழுதிவிட வேண்டாம் என்று படியேறும்போதும் கெஞ்சினார். கதவடியில் செய்தித்தாள்கள் பிரிக்காமல் குவிந்து கிடந்தன.

தட்டினாள். உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

“பெரியப்பா, நான்தான்.”

காதைக் கதவில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். மணி அடிக்கவில்லை. பின்னால் ஏதோ கீறுகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். மேற்பார்வையாளர் பதிவேட்டைச் சுவரில் வைத்து, வெள்ளிக்கிழமைக் கட்டத்தைப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார்.