மலைமேல் வைத்த கோடி

சுவேதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஈர மணலில் ஓடினாள். மணி இரண்டேகால். நாலு மணிக்கு அம்மாவை எடுத்துவிடுவார்கள். அதற்குள் அம்மா ஒளித்துவைத்த டப்பாவைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

கையில் இருந்தது அம்மாவின் போன். விடியற்காலை அம்மா சந்திரலேகாவின் மூச்சு நின்றதிலிருந்து அது ஓயவில்லை. எல்லாம் துக்கம் கேட்கும் அழைப்புகள். ஒன்று மட்டும் வேறு. அம்மா ஞாயிறுதோறும் விளையாடிய புதையல் தேடும் ஆப்பிலிருந்து வந்த செய்தி.

எங்காவது ஒரு டப்பாவை ஒளித்து, ஆப்பில் குறிப்புப் போட வேண்டும். தேடி எடுப்பவர் உள்ளே ஒரு பொருளை வைத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். "சுகருக்கு நடக்கறதுக்கு இது ஒரு சாக்குடி" என்பாள் அம்மா. "அம்பது வயசுல புதையல் எடுக்கப் போறா மகாராணி" என்பார் அப்பா சுப்பராயலு.

கேப்பர் மலைமேல் அம்மா வைத்த டப்பாவுக்குக் 'கொள்ளிடக்காரன்' என்ற பெயரில் ஒருவர் பகல் பன்னிரண்டரைக்கு எழுதியிருந்தார்: 'கோடி வச்சிட்டேன். வந்து எடுத்துக்கவும்.'

கொள்ளிடக் கரையில் குமராட்சியில் பிறந்த அம்மாவுக்கு ஒரே தம்பி, சிலம்பரசன் மாமா. கொள்ளிடக்காரன் வேறு யாராக இருக்க முடியும்?

நாலு வருஷத்துக்கு முன் இளவரசி அக்கா கல்யாணத்தில், பெண்ணை மணமேடைக்கு அழைத்துவர வேண்டிய தாய்மாமன் வெள்ளத்தில் பஸ் சிக்கிப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தார். அப்பா காத்திருக்கவில்லை. அத்தை வீட்டுக்காரர் தேவநாதனை வைத்து அழைத்துவரச் செய்துவிட்டார். மாலையும் கையுமாக வந்து நின்ற மாமா, "இனிமே உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சபையில் சொல்லிவிட்டுப் போனவர்தான். இன்று காலை சாவுச் செய்தி அனுப்பியும், எத்தனை முறை கூப்பிட்டும் அவர் போனை எடுக்கவில்லை.

"பொறந்த வூட்டுக் கோடிப் பொடவ போத்தாம பொம்பளைய எப்புடிடா எடுப்ப?" என்று புஷ்பவள்ளி அத்தை கூடத்தில் கேட்டபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கடையில ஒரு பொடவ எடுத்தாச்சு. உன் வூட்டுக்காரரே போத்தட்டும். நாலு மணிக்குமேல ஒரு நிமிஷம் வெக்க மாட்டேன்."

சுவேதா அத்தையிடம் போனைக் காட்டினாள். படித்துவிட்டு அத்தை கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். "போ. கேட்டா நான் பாத்துக்கறேன்."

ஆப்பில் இருந்த குறிப்புப்படி, கரையோரம் இருக்கும் முதல் டப்பாவில் உள்ள எண்ணைப் போனில் தட்டினால்தான் மலையில் எந்த இடம் என்று தெரியும். இடிந்த கல்சுவர் ஒன்றின் இடுக்குகளில் சுவேதா விரலை விட்டுத் துழாவினாள். சற்றுத் தள்ளிக் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த சவரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சந்திராக்கா பொண்ணா? மூணாவது கல்லுல பாரும்மா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. ஒரு ஞாயித்துக்கெழம அக்கா வரும். அடுத்த ஞாயித்துக்கெழம மீசக்காரத் தம்பி ஒருத்தரு. டப்பாவ எடுக்கறதும் வெக்கறதும், நல்ல வெளயாட்டு. அக்கா எங்க, ஒடம்பு சரியில்லையா?"

மூன்றாவது கல்லுக்குள் இருந்த டப்பாவைத் திறந்து சுவேதா எண்ணைத் தட்டினாள். திரையில் மலையுச்சியில் ஒரு புள்ளி விழுந்தது. "வரேங்க" என்று மட்டும் சொன்னாள்.

துறைமுகச் சாலை, ரயில் கேட், பிறகு செம்மண் ஏற்றம். மூச்சு இரைத்தது. சுகர்க்காரி இந்த ஏற்றத்தை எப்படி ஏறினாள்? உச்சியில், வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் சுவர் ஒன்று பாதி நின்றது. அதன் பின்னால் சருகுக்கு அடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின்.

நோட்டில் நாலு வருஷம் இருந்தது. அம்மாவின் கையெழுத்து, கீழே மாமாவின் கையெழுத்து, மறுபடி அம்மா. அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. நோட்டுக்கு அடியில், சிதம்பரம் மேலவீதிக் கடைப் பையோடு ஒரு அரக்குப் புடவை திணித்துவைத்திருந்தது.

"நீ வருவியோ மாட்டியோன்னு இருந்தேன்."

முந்திரி மரத்தடியில் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பைக்.

"இத நான் போத்தக் கூடாது மாமா."

"யாரு போத்துனா என்ன. அக்காவுக்குப் போய்ச் சேந்தா சரி."

"தேவநாதன் மாமா போத்துவாரு. பரவாயில்லையா?"

அவர் மண்ணில் ஒரு குச்சியால் கோடு இழுத்தார். "சபையில சொல்லிட்டேன் சுவேதா. உங்கப்பா வாசப்படிய நான் எப்புடி மிதிக்கறது?"

சுவேதா போனைப் பார்த்தாள். மணி மூன்று இருபத்தைந்து. புடவையை டின்னில் வைத்து மூடி, சுவருக்குப் பின்னால் தள்ளிச் சருகைப் போட்டாள்.

"என்னடி பண்ற?"

"இருந்த எடத்துலயே வெச்சிட்டேன். அதானே உங்க ரூலு."

திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். பாதி இறக்கத்தில் பைக் பக்கத்தில் வந்து நின்றது. பெட்ரோல் டேங்க்மேல் அந்தப் பை இருந்தது.

"ஏறு."

தெருவில் பந்தல் நிறைய ஆட்கள். உள்ளே கூடத்தில் அம்மா. தேவநாதன் மாமா கடைப் புடவையைப் பிரித்துக் கையில் வைத்திருந்தார். சிலம்பரசன் பந்தல் ஓரம் வரை வந்து நின்றுவிட்டார். அப்பா வாசலுக்கு வந்தார். அவர் 'வா' என்று சொல்லவில்லை. மாமாவும் அடியெடுத்து வைக்கவில்லை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மாமாவின் முழங்கால் வரை ஏறியிருந்த செம்மண்ணைப் பார்த்தார்.

"தூக்குங்கப்பா. தெருவுல எறக்கி வெச்சிப்போம்."

"உள்ள சடங்கு முடியலையேடா" என்றாள் அத்தை.

"மிச்சத்த அங்க பண்ணிக்கலாம்."

தலைமாட்டை அப்பாவே பிடித்தார். பந்தலில் பெஞ்சைப் போட்டு அம்மாவைக் கிடத்தினார்கள். தேவநாதன் மாமா தன் கையிலிருந்ததை மடித்துப் பின்னால் கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

சிலம்பரசன் புடவையை உதறி அக்காமேல் விரித்தார். டின்னில் திணித்த மடிப்புகள் நிமிரவில்லை. தோளிலிருந்து கால்வரை உள்ளங்கையால் நீவினார். மறுபடி தோளிலிருந்து தொடங்கினார்.

நாலு அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. சங்கு ஊதுகிறவர் சங்கை வாயருகே கொண்டுபோய் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார். சிலம்பரசன் இன்னும் நீவிக்கொண்டிருந்தார்.