ரோசிலியின் ரிவர்ஸ் கியர்

கம்பு மறுபடியும் சாய்ந்தது. விசில் சத்தம் காதைக் கிழித்தது.

"இறங்குங்க, பெயில்," என்றார் இன்ஸ்பெக்டர், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

லைசென்ஸ் வேண்டுமென்றால் 'எச்' போட்டாக வேண்டும். நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே ஜீப்பைப் பின்னால் எடுத்து, அந்த எழுத்து மாதிரியே வளைத்து வர வேண்டும். ஒரு கம்பில் உரசினாலும் வீட்டைப் பார்த்துப் போக வேண்டியதுதான். எத்தனை தடவை போனோம் என்று எண்ணுவதையே ரோசிலி விட்டுவிட்டாள். ஊர்தான் விடவில்லை. ஜீப் ஸ்டாண்டில் அவள் பெயரே 'எச் ரோசிலி' ஆகிவிட்டது. அவள் டெஸ்டுக்குப் போகிற நாளெல்லாம் டீக்கடையில் பந்தயம், தோற்றவன் எல்லோருக்கும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். கடைசியில் அவள் தேறுவாள் என்று பந்தயம் கட்ட ஒரு ஆள்கூடக் கிடைக்காமல் அந்த விளையாட்டே நின்றுபோனது.

அவளுக்கு அது விளையாட்டா? புருஷன் குரியாச்சன் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு, அந்த வீட்டில் சோறு போட மிச்சமிருந்தது ஷெட்டில் நின்ற ஜீப் ஒன்றுதான். அதன்மேல் அவன் தம்பி ஜோயிக்கு ரொம்ப நாளாகக் கண். இந்தத் தடவையும் தோற்றால் ஈஸ்டருக்குப் பிறகு ஜீப்பை ஜோயிக்கே கொடுத்துவிடுவதாகக் குரியாச்சன் வாக்குக் கொடுத்திருந்தான்.

தோற்ற அன்றைக்கே ஜோயி வந்து நின்றான். அண்ணன் பெண்டாட்டிக்கான மரியாதை 'சேட்டத்தி' என்ற அழைப்போடு சரி.

"சேட்டத்தி, சாவியக் குடுங்க. பொம்பளைங்களுக்குப் பின்னாடி எடுக்கறது பொறப்புலயே வராது. எதுக்கு வம்பு?"

"ஈஸ்டர் இன்னும் வரல ஜோயி."

"அதுக்குள்ள என்ன கிழிக்கப் போறீங்க?"

"பின்னாடி எடுக்கப் போறேன். நகரு, டயருக்குக் குறுக்க நிக்காத."

எடுத்தாள். மிளகு காயப்போடும் களத்தில் பாக்குமரத் துண்டுகளை நட்டு, காலையும் மாலையும் எடுத்தாள். குரியாச்சன் கட்டிலில் கிடந்தபடியே "ஒடிச்சுத் திருப்புடி, ஒடி! கோழி! கோழி!" என்று கத்துவான். கோழிகளே பழகிப்போய்ச் சாவகாசமாக நகர்ந்தன. களத்தில் ஒரு கம்பும் விழாது. டெஸ்ட் மைதானத்தில் விசிலும் இளிக்கிற கூட்டமும் இருந்தால்தான் கை உதறும். அந்தக் கையை நினைத்தால் அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளியன்று ஊரே சிலுவை தூக்கிக்கொண்டு குருசுமலை ஏறியது. ஏறியவர்களுக்கு உச்சியில் கஞ்சியும் பயறும் கொடுப்பது வழக்கம். மேலே தண்ணீர் கிடையாது. அடிவாரத்தில் காய்ச்சி, சர்ச்சுக்குச் சொந்தமான மண்பாதை வழியாக ஜீப்பில்தான் கொண்டுபோவார்கள். போன மழைக்காலத்தில் உச்சியில் வண்டி திருப்பும் இடம் இடிந்து விழுந்திருந்தது.

"எப்படியும் என் வண்டியாகப் போறதுதானே," என்று ஜோயி ரோசிலியின் ஜீப்பைக் கேட்டான். சர்ச் காரியமாயிற்றே என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தாள்.

முதல் ஏற்றத்திலேயே கஞ்சி அண்டா பின்னால் சரிந்தது. பின்னால் நடந்து வந்தவர்கள் தெறித்த கஞ்சிக்கு அலறி ஓடினார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பிரேக்கை மிதித்தபடி ஜோயி வெலவெலத்துப் போனான். சக்கரத்துக்குக் கல் வைத்து, ஆள் பிடித்து, மிச்சக் கஞ்சியோடு ஒருவழியாக அடிவாரத்துக்கு இறக்கினார்கள். அதற்குப் பிறகு ஸ்டாண்டு சிங்கங்களில் ஒருவன்கூடச் சாவியைத் தொடவில்லை. மேலே சனம் வெறும் வயிற்றோடு காத்துக்கிடந்தது.

ரோசிலி தன் சிலுவையைப் பாறையில் சாய்த்து வைத்தாள்.

"எறங்கு ஜோயி. நான் ரிவர்ஸ்ல ஏத்துறேன். அண்டா சீட்டுப் பக்கம் சாஞ்சுக்கும், கொட்டாது. வரும்போது திருப்பவும் வேணாம், நேரா எறங்கிடலாம்."

துக்க நாள் என்பதையும் மறந்து ஸ்டாண்டே சிரித்தது.

"சேச்சி, அங்க கம்பு கெடையாது. பள்ளம்தான்! விசில் ஊத யாரும் இருக்க மாட்டாங்க!"

"சிரிக்கிறதெல்லாம் இப்பவே சிரிச்சு முடிங்கடா. அப்புறம் வராது."

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை உதறத்தான் செய்தது. ஆனால் கழுத்து தானாகப் பின்னால் திரும்பிக்கொண்டது. அந்தச் சிரித்த பயல்கள் எல்லோரும் முதல் தடவையே தேறியவர்கள், தேறிய நாளிலிருந்து முன்னால் மட்டுமே ஓட்டியவர்கள். இவள் தோற்றுத் தோற்று, பின்னால் போவதைத் தவிர வேறொன்றும் அறியாதவள். ஜீப் உறுமிக்கொண்டு பின்பக்கமாக ஏறியது. வளைவில் ஒரு கல் டயரில் பட்டுப் பள்ளத்தில் உருண்டு போகும் சத்தம் கேட்டது. கையைப் பார்த்தாள். உதறல் நின்றிருந்தது. இதைவிடப் பெரிய கூட்டமும் இல்லை, இதைவிடப் பெரிய சிரிப்பும் இல்லை, இனி எவன் ஊதினால் எனக்கென்ன என்று ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.

உச்சியில் கஞ்சி ஆவி பறக்க இறங்கியது. மூச்சிரைக்க நடந்து ஏறிவந்த ஜோயி ஜீப்பின் பக்கத்தில் வந்து குழைந்தான்.

"சேட்டத்தி, எறங்கும்போது நானும்..."

"அய்யோ, எனக்கு லைசென்ஸ் இல்லையே ஜோயி! உசுரோட வெளையாடலாமா? நடந்தே வா."

வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். குரியாச்சன் முனகினான். "வாக்குக் குடுத்துட்டேனேடி."

"வாக்கு நீங்க குடுத்தது இச்சாயா. வண்டிய நான் குடுக்கல."

அடுத்த டெஸ்டில் அதே இன்ஸ்பெக்டர், அதே கம்புகள்.

"மறுபடியும் நீங்களா?"

"நான்தான் சார். தேறுற வரைக்கும் நான்தான்."

ஒரு கம்பும் அசையவில்லை. வாயில் வைத்திருந்த விசிலை அவர் ஊதாமலே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்று சந்துமுனையிலிருந்தே ரிவர்ஸில் வந்து, ஸ்டாண்டின் முதல் இடத்தில் ஜீப்பை நிறுத்தினாள் ரோசிலி. கதவைத் திறந்து இறங்கவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"எம்பக்கம் பந்தயம் கட்ட ஆளே இல்லன்னு சொன்னீங்களே? நானே கட்டியிருந்தேன். அத்தன பேரும் தோத்துட்டீங்க. எங்கடா பழம்பொரி?"

ஜோயிதான் முதலில் எழுந்து டீக்கடைக்குள் போனான்.