பார்லி அறுத்து முடியும்வரை

அப்பாவின் தாடையைத் துணிக் கிழிசலால் கட்டி முடிச்சை இறுக்கியபோது, கோர்ம்லா ஒப்பாரிக்கு வாயெடுத்தாள். கூந்தலைக்கூட அவிழ்த்துவிட்டாள். அதற்குள் அவள் கணவன் பீலிம் ஓடிவந்து வாயைப் பொத்தினான்.

"அழுதுராத. பார்லி இன்னும் பாதி நிக்குது."

1654ஆம் வருடம், அறுவடைக் காலம். அந்த மே மாதத்துக்குள்ளேயே நிலமுள்ள ஐரிஷ்காரர் எல்லோரும் ஷானன் ஆற்றைத் தாண்டி மேற்கே கொனாக்ட் சீமைக்குப் போய்விட வேண்டுமென்று ஆங்கிலேயன் உத்தரவு போட்டிருந்தான். படுக்கையில் கிடந்த அவள் அப்பா, கிழவர் டொனகாவின் பெயரில் இவர்களுக்கு மட்டும் ஒரு சீட்டு கிடைத்தது. அவருக்கு மூச்சு இருக்கும்வரை இருக்கலாம். மூச்சு நின்ற அன்றே கிளம்ப வேண்டும். வயலில் அறுக்காமல் நிற்பது, நிலத்துக்குப் புதிதாக வருகிற ஆங்கிலேயனுக்கு. அந்தப் பார்லி இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு அக்கரை போனால் குளிர்காலம் தாண்டாது.

"ரெண்டே நாளு. அறுத்து முடிச்சிட்டு அழு."

"நாள் பாத்தா அழுவாங்க? ஊரார் சாவுக்கெல்லாம் கூப்பிட்டாங்கன்னு போய் அழுதேன். 'எனக்கு அழறப்போ மலைக்கு அந்தாண்ட கேக்கணும்டி'ன்னாரு அப்பா. சரின்னு சொன்னேன்யா."

வாசலில் குதிரைச் சத்தம் கேட்டது. கிழவர் உயிரோடு இருக்கிறாரா என்று வாராவாரம் பார்க்க வரும் ரிக்கார்ட். நேற்றுவரை இவர்களோடு பூசைக்கு மண்டியிட்டவன், இன்று துரைமாருக்குக் கையாள்.

கோர்ம்லா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"பெருசு எப்பிடி இருக்கு?"

"தூங்குறாரு. காய்ச்சல். வேணும்னா வந்து பாருங்க."

"ஐயோ, ஒட்டிக்கிட்டா?" ரிக்கார்ட் குதிரையிலிருந்து இறங்கவேயில்லை. "பாக்கணுமா என்ன? நீ வாயத் தொறந்தா ஏழு ஊருக்குக் கேக்கும். பெத்த அப்பன் போயிருந்தா இப்பிடி மரமாட்டமா நிப்ப? கெழவன் கெட்டி."

சீட்டில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போனான். அவன் நம்பிய விதம் அவளுக்குச் செருப்படியாக இருந்தது. அவள் சொன்ன பொய்யை நம்பியிருந்தால்கூடத் தேவலை. எழாத அவள் குரலையே சாட்சியாக எடுத்துக்கொண்டு போய்விட்டான், பாவி.

உள்ளே வந்து அப்பாவைச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு, அரிவாளோடு வயலில் இறங்கினாள். இறங்கியதும் ஒரு பார்லித் தாளைப் பிடுங்கிப் பல்லில் கவ்விக்கொண்டாள்.

பொழுது சாயும்வரை அவள் நிமிரவில்லை. பின்னால் கட்டுக் கட்டிக்கொண்டு வந்த பீலிம், அவள் அறுத்த வரிசை நெடுகக் கடித்துத் துப்பிய தாள்கள் கிடப்பதைப் பார்த்தான். அவற்றையும் சேர்த்து அள்ளிக் கட்டினான்.