முனி கூட்டிய இடம்

விளக்குமாற்றை யார் கண்ணிலும் படாமல் மோட்டார் சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அந்த வியாழக்கிழமை காலையில் இருசப்பனுக்குப் பெரிய கவலையாக இருந்தது. மருந்தடிக்கும் பம்பு, மண்வெட்டி, உரமூட்டை என்று எதை ஏற்றிக்கொண்டு போனாலும் தோட்டத்தில் ஒருவரும் ஏனென்று கேட்கப்போவதில்லை. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் என்றால் ஏற்றிக்கொண்டு போகத்தான் செய்வார். ஆனால் ஐம்பத்தாறு வயது மண்டோர் ஈர்க்கு விளக்குமாற்றைப் பின்னால் கட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போனார் என்றால், காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு முடிவதற்குள் லயத்து வீடுகள் முழுக்கச் செய்தி போய்விடும். கடைசியில் ஒரு காலி உரச்சாக்குக்குள் அதைத் தலைகீழாகச் செருகி வாயைக் கயிற்றால் இறுக்கினார். கட்டிய பிறகும் அது சாக்குக்குள் இருக்கும் விளக்குமாறு மாதிரியேதான் இருந்தது. உள்ளே மனைவி நவமணி எழுந்துவிட்டாள். குழாயடியில் வாளி நிறையும் சத்தம் கேட்டது. அவள் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். அவள் கேட்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நவமணி முனியாண்டியைப் பார்க்கப் போவாள். அதற்குள் அந்த இடத்தை அவர் கூட்டியாக வேண்டும்.

அந்த இடத்தை முதலில் பார்த்ததே இருசப்பன்தான். கோலா குபு பாருவிலிருந்து இருபது நிமிடம் தள்ளியிருக்கும் அந்தத் தோட்டத்தில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையின் கடைசி நிரையோடு கம்பெனி நிலம் முடிந்து காடு தொடங்கிவிடும். நடுவில் காட்டுப்பன்றிக்காகப் போட்ட மின்கம்பி வேலி. பிப்ரவரி மாதக் கடைசியில் வேலியின் மேல் மரமொன்று சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வருவோம் என்று காட்டு மேட்டில் ஏறியவர், மேட்டின் உச்சியில் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கல்யாண மேடை அளவுக்கு, வட்டமாக, வெறும் மண். ஒரு சருகு இல்லை, ஒரு முளை இல்லை. சுற்றிலும் கணுக்கால் புதையச் சருகு மக்கிக் கிடக்கிறது, மேலே மரங்கள் ஓயாமல் உதிர்த்துக்கொண்டிருக்கின்றன, நடுவில் இந்த வட்டம் மட்டும் இப்போதுதான் யாரோ கூட்டிவிட்டுப் போன வாசல்போல இருக்கிறது. இருசப்பன் தன்னையறியாமல் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார்.

அன்று சாயங்காலம் நவமணியிடம் அதைச் சொன்னார். சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் சொன்னார் என்பதுதான் உண்மை. அந்த வீட்டில் பேச்சு நின்று இரண்டு வருடமாகியிருந்தது. ஒரே மகன் ராஜு கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம், வேலை முடிந்து வரும் வழியில் லோரியில் அடிபட்டுப் போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நவமணி சாமி மாடத்திலிருந்த முனியாண்டி படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "காவ காக்காத சாமிக்கு என்னாத்துக்கு வெளக்கு?" என்றாள். அதோடு விளக்கும் நின்றது, வாசல் கூட்டுவதும் நின்றது. வாசலில் இருந்த ரம்புத்தான் மரம் உதிர்த்ததெல்லாம் உதிர்ந்தபடியே கிடந்தது. பக்கத்து வீட்டுப் புஷ்பா பொறுக்க முடியாமல் எப்போதாவது வந்து கூட்டிவிட்டுப் போவாள். நவமணி உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

காட்டில் பார்த்த வட்டத்தைப் பற்றிச் சொன்னதும் அவள் தலையைத் தூக்கினாள்.

"யாரு கூட்டுறா?"

"தெரியலயே."

"ஒரு நாளு விட்டா காடு மூடிரும்ங்க. தெனம் கூட்டுனாத்தான் அப்படி இருக்கும்."

மறுநாள் அவளே மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மேட்டில் அந்த வட்டத்தின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். "யாரும் கேக்காமயே ஒருத்தரு தெனம் கூட்டி வச்சிருக்காரு பாருங்க," என்றாள். அதற்கடுத்த நாள் விடியற்காலையில் இருசப்பனின் தூக்கத்தைக் கலைத்தது அவர் வீட்டு வாசலில் விளக்குமாறு உரசும் சத்தம். படுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்தால் அது நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

தோட்டத்தில் ஒரு செய்தி இரண்டு நாளைக்கு மேல் ஓரிடத்தில் நிற்காது. செம்பனைக் குலை வெட்டும் செல்லன்தான் முதலில் வந்தான். முனியாண்டி கோயில் திருவிழாவில் வருடா வருடம் அரிவாள் மேல் ஏறி நிற்பவன் அவன். அதனால் முனியைப் பற்றிய விஷயங்களில் அவன் சொன்னால் சொன்னதுதான். "மண்டோரண்ணே, இது முனி எடம்லா! இதுகூடவா தெரியல? ராத்திரி வேட்டைக்குப் போயிட்டு வந்து குந்துற எடம்." அந்த வெள்ளிக்கிழமையே ஏழெட்டுப் பேர் போய்ச் சாமந்தி மாலையும் எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் வைத்துக் கும்பிட்டார்கள். அடுத்த வெள்ளி போய்ப் பார்த்தால், வைத்ததெல்லாம் வட்டத்துக்கு வெளியே கிடந்தது. உள்ளே மண் பளிச்சென்று இருந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம், வேலியில் மின்சாரம் வரவில்லை என்று காலை ஏழு மணிக்கே போன இருசப்பன் முனியை நேரில் பார்த்தார். முழங்கால் உயரத்துக்கு ஒரு பறவை. கழுத்தும் முகமும் வெறும் நீலத் தோல், கால் சிவப்பு, உடம்பு முழுக்கச் சருகின் நிறம், பின்னால் ஆள் கை நீளத்துக்கும் அதிகமாக இழுபடும் வால். குவாங். சிறுவயதிலிருந்து அந்த மலைப்பக்கம் அது கூவுவதைக் கேட்டிருக்கிறார், மலாய்க்காரர்கள் சொல்லிப் பெயரும் தெரியும். கண்ணால் கண்டதில்லை. அது சாமந்தி மாலையின் ஒரு நுனியை அலகில் கவ்விப் பின்னோக்கி நடந்து நடந்து வட்டத்துக்கு வெளியே இழுத்துப் போட்டது. திரும்பி வந்து எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. உருட்டிக்கொண்டே போய் விளிம்பில் தள்ளியது. பிறகு ஒவ்வொரு இலையாக எடுத்து எறிந்தது. ஒன்றை எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போகுமுன் ஒருமுறை சுற்றிப் பார்க்கும். இருசப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம், இதை நவமணியிடம் எப்படி நடித்துக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சாமி மாடத்தில் விளக்கு எரிந்தது. முனியாண்டி படம் முகத்தைக் காட்டியபடி இருந்தது. அடுப்பில் நெத்திலி சம்பல் வதங்கும் வாசனை. ராஜு போன பிறகு அந்த வீட்டில் அது சமைக்கப்படவே இல்லை.

"அங்க போயிட்டா வர்றீங்க? கூட்டியிருக்கா?" என்று கேட்டாள் நவமணி.

"கூட்டியிருக்கு," என்றார் இருசப்பன்.

அது பொய்யில்லை. அதனால்தான் சுலபமாக வந்துவிட்டது.

மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை செல்லன் ஒரு முடிவோடு வந்தான். "பூவு வேணாங்குது, பழம் வேணாங்குது. அப்ப முனிக்கு என்னா வேணும்? ஆயுதம்லா!" நீளக் கம்பில் மாட்டிக் குலையை வெட்டும் செம்பனை அரிவாள் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தான். பிறை மாதிரி வளைந்த மெல்லிய இரும்பு. காலையெல்லாம் உட்கார்ந்து தீட்டியிருந்தான். வட்டத்தின் நடுவில் அதை நட்டுக் குங்குமம் வைத்தார்கள். பறவை அதில் காலைக் கீறிக்கொள்ளுமோ என்ற அளவில்தான் அன்று இருசப்பனுக்குத் தோன்றியது. "சும்மா ஒரு கல்ல வச்சிக் கும்புடலாமே செல்லா. கத்தி எதுக்கு?" என்றார்.

"ஏண்ணே, முனி என்னா பாலர் பள்ளிப் புள்ளையா? கத்தியத் தொட்டா கைய வெட்டிக்கும்னு பயப்படுறீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நவமணியும் சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பை அவர் இரண்டு வருடமாகக் கேட்டிருக்கவில்லை. கத்திப் பேச்சை அவர் அதோடு விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை மதியம் பூசுவிடம் பேச்சுவாக்கில் சொன்னார். பூசு மலையடிவாரத்தில் பூர்வகுடிகள் குடியிருக்கும் கம்பத்து ஆள். குத்தகைக்காரரிடம் புல் வெட்ட வருபவர், இருசப்பன் வயதுதான். மாலையை இழுத்த கதைக்குச் சிரித்தவர், அரிவாள் என்றதும் சிரிப்பை நிறுத்தினார். குவாங் தன் வாசலில் எதையும் நிற்கவிடாது என்று மலாயில் சொன்னார். குச்சியோ முளையோ இருந்தால் பிடுங்கும். வராவிட்டால் தன் கழுத்தை அதன்மேல் சுற்றி இறுக்கிக்கொண்டு பின்னால் இழுக்கும். வேட்டையைத் தடுக்கும் சட்டமெல்லாம் வருவதற்கு முன்பு அவர்கள் ஆட்கள் அதைப் பிடிக்கக் கண்ணி வைத்ததில்லை, இரை போட்டதில்லை. மூங்கிலைக் கத்திபோலச் சீவி அதன் வாசலில் நட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். மிச்சத்தை அதன் சுத்தமே பார்த்துக்கொள்ளும். "இன்றைக்கே எடுத்துவிடு," என்றார் பூசு.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை உர லோரி வந்து, இறக்கி முடிக்க இருட்டிவிட்டது. புதன்கிழமை காலை வேலி வரைக்கும் போனார். மேட்டிலிருந்து குவாங் கூவியது. ஊரையே கூப்பிடுவதுபோல இரண்டு முறை. உயிரோடுதான் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் யோசனை வந்தது. இன்றைக்கு அரிவாளைப் பிடுங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை நவமணி வந்து பார்ப்பாள். ஆயுதத்தையும் முனி வேண்டாமென்று தள்ளிவிட்டது என்று நினைப்பாள். இல்லையென்றால், 'அது முனி இல்லம்மா, ஒரு பறவ' என்று இவர் வாயைத் திறக்க வேண்டும். சுவரைப் பார்த்துத் திரும்பிய படம் நினைவுக்கு வந்தது. நாளைக்கு, யோசித்து ஒரு வழி செய்துகொண்டு, நாளைக்கு எடுத்துவிடலாம். மோட்டார் சைக்கிளைத் திருப்பினார்.

அந்தப் புதன்கிழமையை இருசப்பன் அதன் பிறகு எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டார். வேலியிலிருந்து மேட்டுக்கு நூற்றுச் சொச்சம் தப்படிதான்.

வியாழக்கிழமை கூவல் கேட்கவில்லை. மேலே ஏறியபோது, குவாங் கழுத்து அறுபட்டு, வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் தன்னையே இழுத்துக்கொண்டு போயிருந்தது. மாலையையும் பழத்தையும் தள்ளிய அதே பக்கம். செத்த பிறகு ஒரு சிறகு விரிந்திருந்தது. அதன் உட்பக்கம் அவர் எதிர்பாராததாக இருந்தது. நீளமான இறகுகளில் வரிசை வரிசையாகக் கண்கள், ஒவ்வொன்றும் உருண்டையாக, இப்போதுதான் வரைந்ததுபோல. அத்தனையும் திறந்திருந்தன. மண்வெட்டி கொண்டு போகவில்லை. கம்பாலும் கையாலும் மேட்டின் பின்புறம் தோண்டிப் புதைத்தார். சிறகு மடங்க மறுத்தது. ரத்தம் பட்ட மண்ணைச் சுரண்டி எடுத்தார், அரிவாளைச் சருகால் துடைத்தார். துடைத்து, திரும்ப அதே இடத்தில் நட்டார். வெள்ளிக்கிழமை யாரும் எதுவும் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை. அந்த வெள்ளி வைத்த பூவும் பழமும் அடுத்த வெள்ளியும் வைத்த இடத்திலேயே வாடிக் கிடந்தன. செல்லன் துள்ளினான். "ஏத்துக்கிட்டாரு! நான் சொல்லல? ஆயுதத்தக் குடுத்தோம், இப்ப பூவயும் ஏத்துக்கிட்டாருலா!" கற்பூரம் ஏற்றினார்கள். நவமணி மட்டும் பூவைப் பார்க்கவில்லை. அரிவாளின் அடியில், எலுமிச்சம்பழத்தின் மேல், வட்டமெங்கும் விழுந்து கிடந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டலயே," என்றாள்.

அந்த வாரம் வீட்டு விளக்கு இரண்டு நாள் எரியவில்லை. அதனால்தான் இந்த விளக்குமாறு, இந்தச் சாக்கு, இந்த வியாழக்கிழமை.

பதற்றத்தோடு கூட்டினார். நன்றாகத்தான் கூட்டினார் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் எல்லோரும் கும்பிட்டு எழுந்த பிறகும் நவமணி குனிந்து மண்ணையே பார்த்தாள். ஈர்க்கு இழுத்த கோடுகள், பக்கம் பக்கமாக, அரைவட்டம் அரைவட்டமாகக் கிடந்தன.

"முனி இப்ப வெளக்கமாறு வாங்கியிருக்கு போல," என்றாள்.

செல்லன் விழுந்து விழுந்து சிரித்தான். "வாங்கட்டும் அக்கா! முதுகு வலி அவருக்கும் இருக்கும்லா!" நவமணி சிரிக்கவில்லை. நிமிர்ந்து புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அவர் வேலிப் பக்கம் பார்த்தார்.

அடுத்த வியாழக்கிழமை விளக்குமாற்றை எடுக்கவில்லை. கையால்தான் பொறுக்க வேண்டும், ஒவ்வொரு இலையாக, அது செய்ததுபோல. வெளியே வந்தபோது வாசல் கூட்டியிருக்கவில்லை. ரம்புத்தான் இலைகள் முந்தின நாள் விழுந்தபடியே கிடந்தன. குழாயடியில் சத்தமில்லை. நவமணி பக்கத்தில் புஷ்பா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று இருசப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மேட்டில் ஏறும்போதே செருப்புகள் கண்ணில் பட்டன. வட்டத்துக்கு வெளியே ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. நவமணி உள்ளே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓர் இலையை எடுத்துத் தள்ளி எறிந்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள். முக்கால்வாசி முடிந்திருந்தது. மண்ணில் கோடு எதுவும் இல்லை. நடுவில் அரிவாள் இல்லை. அது வெளியே ஒரு வேரின் மேல் படுத்துக் கிடந்தது. அவள் மடியில் நீளமாக ஒரு இறகு, மழையில் நனைந்து காய்ந்தது, அதன் கண்கள் மட்டும் மங்காமல். புதைத்த அன்று சருகுக்குள் அவர் கையிலிருந்து தப்பியது.

காலடிச் சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை.

"எது கூட்டிச்சி?" என்று கேட்டாள்.

முதல் நாள் யாரு என்று கேட்டவள். இருசப்பன் வாயைத் திறந்தார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நடித்துக் காட்ட யோசித்துவைத்த கதை, மாலையை இழுத்தது, பழத்தை உருட்டியது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. மேலேயிருந்து ஓர் இலை கழன்று, சுற்றிச் சுற்றி இறங்கி, அவள் சுத்தம் செய்து வைத்திருந்த இடத்தின் நடுவில் விழுந்தது. நவமணி உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். எட்டவில்லை. நீட்டிய கையை அவள் மடக்கவும் இல்லை.

இருசப்பன் குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.